ரிப்பன் மாளிகைக்கு ஒரு குப்பைத்தொட்டி வேண்டும்

ஏதாவது ஒரு பழைய அரசுக் கட்டடத்துக்குள் நுழைந்து பாருங்கள். நூறு வருஷத்துக்கு முந்தைய தூண்கள். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரத்தில் கூரை. தேய்ந்து தேய்ந்து பளபளப்பாகிப்போன படிக்கட்டு. அந்தப் படிக்கட்டுக்கு அடியில், யாரும் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாது என்று சங்கிலியால் கட்டப்பட்டு, இரண்டு பிளாஸ்டிக் தொட்டிகள். ஒன்று பச்சை, ஒன்று நீலம். பச்சைக்கு மூடி இருக்காது. நீலத்தில் ஒட்டியிருந்த அறிவிப்பு கிழிந்து 'மக்கா' என்பது மட்டும் மிச்சம் இருக்கும். உள்ளே எட்டிப் பார்த்தால் இரண்டிலும் ஒரே சரக்கு! டீ கப், தண்ணீர் பாட்டில், எச்சில் இலை, கிழித்துப் போட்ட விண்ணப்பப் படிவம்.

இதைப் பார்த்து இரண்டு விதமான ஆட்கள் கோபப்படுகிறார்கள். ஒரு கூட்டம், "இவ்வளவு அழகான கட்டடத்தில் இந்தப் பிளாஸ்டிக் அசிங்கம் எதற்கு? எடுத்து எங்காவது மறைவாக வையுங்கள்" என்கிறது. இன்னொரு கூட்டம், "ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை. இன்னும் பெரிய தொட்டி வையுங்கள், இன்னும் பெரிய எழுத்தில் எழுதுங்கள்" என்கிறது. இரண்டுமே தப்பு. முதல் கூட்டம் சொல்வதைக் கேட்டால் குப்பை பிரியாது. இரண்டாவது கூட்டம் சொல்வதைக் கேட்டால் கட்டடமும் கெடும், குப்பையும் பிரியாது.

பொதுவாகப் பேசினால் எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். எனவே ஒரே ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்ளலாம். சென்னையில் அதற்கு ரிப்பன் மாளிகையை விடப் பொருத்தமான இடம் கிடையாது. ஊரின் குப்பையை அள்ளும் பொறுப்பில் இருக்கும் மாநகராட்சியின் தலைமை அலுவலகமே அதுதான்.

சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வெள்ளை வெளேரென்று நிற்கும் அந்தக் கட்டடத்தைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. வரைந்தவர் ஜி.எஸ்.டி. ஹாரிஸ், கட்டியவர் லோகநாத முதலியார். 1909-ல் அடிக்கல், 1913-ல் திறப்பு, செலவு ஏழரை லட்ச ரூபாய். 85 மீட்டர் நீளம், நடுவில் 43 மீட்டர் உயரத்துக்குக் கடிகாரக் கோபுரம். இந்தியாவில் உள்ளாட்சிக்கு வழி போட்டவர் என்பதால் வைஸ்ராய் ரிப்பனின் பெயரை வைத்தார்கள். 'ரிப்பன் எங்கள் அப்பன்' என்று அந்தக் காலத்தில் சென்னைக்காரர்கள் சொல்லித் திரிந்தார்களாம். அப்பன் பெயரிலிருக்கும் வீட்டில் குப்பை எப்படிப் பிரிகிறது என்று பார்ப்பது பிள்ளைகளின் உரிமைதானே?

இந்த மாநகராட்சி தன் வீடுகளிலிருந்தும் கடைகளிலிருந்தும் நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பையை அள்ளுகிறது. பல வருஷங்களாக அதில் பெரும்பகுதி வடக்கே கொடுங்கையூருக்கும் தெற்கே பெருங்குடிக்கும் போய் மலையாகக் குவிந்தது. 2022 ஏப்ரலில் பெருங்குடிக் கிடங்கு பற்றி எரிந்தபோது சுற்றியிருந்தவர்கள் நாள்கணக்கில் புகையைச் சுவாசித்தார்கள். வீட்டிலேயே பிரித்துக் கொடுங்கள் என்று 2016-ன் திடக்கழிவு மேலாண்மை விதிகள் மூன்று வகை சொல்லிவிட்டன. மக்குவது, மக்காதது, அபாயகரமானது. அதைக் குடிமக்களிடம் எடுத்துச் சொல்லும் அலுவலகத்தின் தாழ்வாரத்தில் ஒழுங்கான தொட்டி இருந்தாக வேண்டும். இது அலங்காரப் பிரச்சினை இல்லை.

முதல் கூட்டத்துக்கு வரலாம். பாரம்பரியக் கட்டடத்தில் குப்பைத்தொட்டி அந்நியப் பொருள் என்பது அவர்கள் வாதம். சரி, மின்விசிறி? டியூப் லைட்? தூணைச் சுற்றிப் பாம்பு மாதிரி போகும் கேபிள்? ஜன்னல் வளைவை உடைத்துச் செருகிய ஏ.சி. பெட்டி? பழைய கட்டடங்கள் பலவற்றில் இதெல்லாம் சத்தமில்லாமல் உள்ளே வந்துவிட்டன. அப்போதெல்லாம் வராத அழகுணர்ச்சி குப்பைத்தொட்டி என்றதும் பொத்துக்கொண்டு வருவது ஏன்? ஏ.சி. அதிகாரிக்கு, தொட்டி எல்லோருக்கும் என்பதாலா?

உண்மையில் பெரிய கட்டடங்களை வரைந்தவர்கள் சின்னப் பொருளை ஒருநாளும் கேவலமாக நினைத்ததில்லை. டெல்லியில் வைஸ்ராய்க்கு (இன்றைக்குக் குடியரசுத் தலைவருக்கு) மாளிகை கட்டிய லட்யன்ஸ், அங்கே குழந்தைகள் அறைக்குத் தொங்கும் விளக்கைக்கூடத் தானே வரைந்தார். கோழிகள் உட்கார்ந்திருக்கும், கீழே உடைந்த முட்டையிலிருந்து மஞ்சள் கரு ஒழுகுவது மாதிரி பல்புகள்! அத்தனை பெரிய குவிமாடத்தைக் கட்டுகிறவருக்கு முட்டை விளக்கு வரைய நேரம் இருந்தது. ஹாரிஸின் காலத்தில் மறுசுழற்சி என்ற பேச்சு இருந்திருந்தால் ரிப்பன் மாளிகையின் வரைபடத்திலேயே தொட்டிக்கும் ஓர் இடம் ஒதுக்கியிருப்பார்.

லண்டனின் சிவப்பு டெலிபோன் கூண்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1924-ல் போட்டி வைத்துத் தேர்ந்தெடுத்த வடிவம். வரைந்தவர் கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட், லிவர்பூல் கதீட்ரலைக் கட்டியவர். அந்தச் சிவப்பு கண்ணை உறுத்துகிறது என்று அப்போது பலரும் எதிர்த்தார்கள். சில அழகான ஊர்களில் சாம்பல் நிறம் அடித்துக்கொள்ள அனுமதி கொடுக்க வேண்டியிருந்தது. இன்றைக்கு அதே கூண்டுகளில் பல, சட்டப்படி பாதுகாக்கப்படும் பாரம்பரியச் சின்னங்கள். டெலிபோன் பேச ஆள் இல்லாவிட்டாலும் கூண்டைக் கழற்ற மனசு வரவில்லை. அன்றாடம் புழங்கும் ஒரு சாதாரணப் பொருளை அக்கறையாகச் செய்தால் அதுவே ஊரின் அடையாளமாகிவிடும். செய்யாமல் ஒளித்து வைத்தால்? படிக்கட்டின் மூலை தொட்டியாகும். வெற்றிலைச் சாறு பட்ட மூலைகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கண்ணில் படாத தொட்டி, இல்லாத தொட்டிதான்.

இப்போது இரண்டாவது கூட்டம். இவர்களுடைய நல்ல எண்ணத்தில் சந்தேகம் இல்லை. ஆனால் இவர்கள் வைக்கும் தொட்டியைப் பாருங்கள். ஆளுயரத்துக்குப் பிளாஸ்டிக், தள்ளினால் உள்ளே போய்த் திரும்பி வரும் ஆடும் மூடி, முகப்பு முழுக்க நன்கொடையாளர் விளம்பரம், அதற்குக் கீழே பொடி எழுத்தில் எது எதைப் போட வேண்டும் என்று பட்டியல். மனு கொடுக்க வந்தவர் ஒரு கையில் ஃபைலும் இன்னொரு கையில் காலி கப்புமாக நின்றுகொண்டு பட்டியல் படிப்பாரா? ஆடும் மூடியில் இன்னொரு சிக்கல் உண்டு. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. முன்னால் வந்தவர் எதைப் போட்டார் என்று தெரிந்தால்தானே அடுத்தவர் அதையே செய்வார்?

எழுத்தை விட ஓட்டை நன்றாகப் பேசும். ஷான் டஃபி, மிஷெல் வெர்கெஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியல் ஆராய்ச்சியாளர்கள் 2009-ல் இதை ஆய்வாகவே வெளியிட்டார்கள். காகிதத்துக்கு நீளமான கீறல், பாட்டிலுக்கு வட்ட ஓட்டை என்று மூடியை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள். பாட்டில், கேன்கள் சரியான தொட்டிக்குப் போவது 34 சதவீதம் கூடியது. தொட்டிக்குள் தப்பான பொருள் விழுவது 95 சதவீதம் குறைந்தது. பேரணி இல்லை, உறுதிமொழி இல்லை. ஒரு மூடி, அவ்வளவுதான்! தபால்பெட்டியின் வாயில் யாராவது வாழைப்பழத் தோலைப் போடுகிறார்களா? வாயின் வடிவமே 'கடிதம்' என்று சொல்லிவிடுகிறது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் சொல்லிவிடுகிறது.

இடையில் மூன்றாவதாக ஒரு கோஷ்டியும் உண்டு, அவர்களைச் சொல்லாமல் விட்டால் பாவம். இவர்கள் 'பொருத்தமாக' செய்கிறேன் என்று கிளம்புகிறவர்கள். பூங்காக்களில் வாயைப் பிளந்துகொண்டு 'என்னைப் பயன்படுத்து' என்று நிற்கும் பென்குயின், முயல், கரடித் தொட்டிகளை வைத்தவர்களின் சொந்தக்காரர்கள். பழைய கட்டடம் என்றால் தொட்டிக்கும் ஒரு வளைவு, தலையில் ஒரு குட்டிக் குவிமாடம், பக்கத்துக்கு இரண்டு பொய்த் தூண், எல்லாம் ஃபைபரில் வார்த்துத் தங்க பெயிண்ட் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். ரிப்பன் மாளிகையின் தூண் கூரையைத் தாங்குகிறது. தொட்டியின் தூண் எதைத் தாங்கும்? டீ கப்பையா? கட்டடத்துக்குப் பொருந்துவது என்றால் கட்டடத்தைப் போல வேஷம் போடுவது இல்லை. அதன் உடம்புக்குக் கெடுதல் செய்யாமல், அதன் அளவுக்கு அடங்கி, தன் வேலையைச் செய்வது.

அந்த உடம்பு எதனால் ஆனது என்று பார்த்தால் பாதி வடிவமைப்பு தானாக வந்துவிடும். ரிப்பன் மாளிகையின் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். கூரையைத் தாங்குவது தேக்கு உத்தரங்கள். சுண்ணாம்புக் காரையில் துளை போட்டு போல்ட் முடுக்கினால் கொஞ்ச நாளில் அது உதிரும், ஈரம் உள்ளே இறங்கும். எனவே தொட்டி சுவரில் மாட்டுவதாக இருக்கக் கூடாது. தூணில் சங்கிலி கட்டுவதும் கூடாது. தன் கனத்தில் தானே நிற்க வேண்டும். சுவருக்கும் அதற்கும் நடுவே ஒரு கை நுழைகிற இடைவெளி வேண்டும். துடைப்பம் போகும், காற்றும் போகும்.

தரைக்கும் ஒரு கதை இருக்கிறது. தரைத்தளத்தில் முதலில் கடப்பைக்கல் போட்டிருந்தார்கள், பிறகு பளிங்காக மாற்றினார்கள். பளிங்கும் சுண்ணாம்பு வகைதான். அமிலம் ஆகாது. இப்போது மதியச் சாப்பாட்டை நினைத்துப் பாருங்கள். சாம்பாரில் புளி, புளியோதரையில் புளி, எலுமிச்சை சாதத்தில் எலுமிச்சை. பொட்டலத்தின் மிச்சம் ஓட்டைத் தொட்டியிலிருந்து ஒழுகி ராத்திரி முழுக்கப் பளிங்கில் நின்றால் மறுநாள் எத்தனை சோப்பு போட்டாலும் அந்த மங்கல் வட்டம் போகாது. பினாயில் ஊற்றித் தேய்க்கிறவரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. தொட்டிக்கு அடியில் ஒரு விரல் உயரத்துக்கு விளிம்பு வைத்த எவர்சில்வர் தட்டு வைக்காதவரைத்தான் திட்ட வேண்டும்.

இதையெல்லாம் விட முக்கியமானது, அங்கே விழுகிற குப்பை எது என்று பார்ப்பது. அது ஓர் அலுவலகம். அதிகம் விழுவது காகிதம். அதற்குக் கீறல் வாய் வைத்த தொட்டி ஒவ்வொரு பிரிவின் வாசலிலும் வேண்டும். தண்ணீர் பாட்டில் பார்வையாளர்களோடு வருவது. வட்ட வாய்த் தொட்டி நுழைவாயிலிலும் படிக்கட்டின் தலைப்பிலும் போதும். சாப்பாட்டு மிச்சம் சாப்பிடும் இடத்தில் மட்டும். ஃபைல்கள் அடுக்கிய அறைக்குள் உணவுக் குப்பை போனால் பின்னாலேயே கரப்பானும் எலியும் போகும், பிறகு ஃபைல் இருக்காது. மாலைகளை மறந்துவிடக் கூடாது! அரசியல் நடக்கும் கட்டடம் அது. பதவியேற்பு, பிறந்தநாள், வாழ்த்து என்று வரும் மாலைகளில் பூ மக்கும், சரிகையும் பிளாஸ்டிக் நாரும் மக்காது. நீல, பச்சைக்காரர்கள் யாராவது மாலையை எதில் போடுவது என்று ஒரு தடவையாவது யோசித்ததுண்டா?

டீ கப் தனி விவகாரம். காகிதக் கப் என்கிறார்கள், உள்ளே பிளாஸ்டிக் பூச்சு. காகிதத்தோடும் சேராது, பிளாஸ்டிக்கோடும் சேராது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்த ஒருமுறைப் பிளாஸ்டிக் தடையில் அந்தப் பூச்சுக் கப்பும் சேர்ந்தே இருக்கிறது. கடைகளில் புகுந்து அதைப் பறிமுதல் செய்கிறவர்கள் மாநகராட்சி ஆட்கள். அந்த மாநகராட்சியின் தலைமை மாளிகையில் கப்புக்குத் தொட்டி செய்வதை விட, கண்ணாடி டம்ளரும் கழுவுகிற ஓர் ஆளும் வைப்பதுதான் மறுசுழற்சி. அப்படியும் வந்துசேரும் கப்புகளுக்கு, மிச்ச டீயை ஊற்ற ஒரு வடிகட்டி வைத்த வாளி பக்கத்திலேயே வேண்டும். அரை கப் டீ போதும், ஒரு தொட்டிக் காகிதத்தை நாசமாக்க.

பாதுகாப்பு என்று ஒரு காரணம் சொல்வார்கள். அது பொய்க் காரணம் இல்லை. 1991-ல் லண்டன் விக்டோரியா ஸ்டேஷனில் குப்பைத்தொட்டிக்குள் வைத்த குண்டு வெடித்து ஓர் உயிர் போனது. அதற்குப் பின் அங்கே ஸ்டேஷன்களிலிருந்து தொட்டிகளையே எடுத்தார்கள். பிறகு வளையத்தில் தொங்கும் நிறமில்லாத பைகள் வந்தன. பதில் அந்தப் பையிலேயே இருக்கிறது. இரும்புக் கம்பி வலையில் உடம்பு, உள்ளே நிறமில்லாத பை. காவலருக்கும் உள்ளே தெரியும், போடுகிறவருக்கும் தெரியும். வெறும் கம்பி என்பதால் பின்னாலிருக்கும் சுவரையும் அது மறைக்காது. கறுப்போ கரும்பச்சையோ அடித்தால் தாழ்வாரத்து நிழலில் கலந்துவிடும். நிறம் பேச வேண்டிய இடம் வாயின் விளிம்பு மட்டும்தான், அங்கே பச்சையும் நீலமும் பளிச்சென்று இருக்கட்டும்.

கடைசியாக, இந்த வாதத்தில் மூன்று கோஷ்டியும் மறந்துபோன ஓர் ஆள் இருக்கிறார். தொட்டியைக் காலி செய்கிறவர். ஆளுயரத் தொட்டியின் அடியில் கிடப்பதை எடுக்க அவர் இடுப்பு வரை உள்ளே குனிய வேண்டும். கலந்து கிடக்கும் குப்பையைப் பிரிக்க வெறுங்கையை விட வேண்டும். அதில் உடைந்த கண்ணாடி இருக்கலாம், ஊசி இருக்கலாம். முன்பக்கம் கதவு திறந்து, பையை அப்படியே வெளியே இழுக்கிற மாதிரி செய்தால் இந்தத் தொல்லை போகும். ஒரு பெண் தனியாகத் தூக்க முடியாத கனம் சேரும் அளவுக்குத் தொட்டி பெரிதாக இருக்கக் கூடாது. வடிவம் வரையும் மேசையில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தால் இதை ஐந்து நிமிஷத்தில் சொல்லியிருப்பார். 2025 ஆகஸ்டில் தனியார்மயத்தை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் இதே ரிப்பன் மாளிகை வாசலில் நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். நள்ளிரவில் கைது செய்து அப்புறப்படுத்தினார்கள். அவர்களுக்கு மாளிகையின் வெளிப்பக்கம் நன்றாகத் தெரியும். உள்ளே கூப்பிட்டுக் கருத்துக் கேட்பதுதான் பாக்கி.

அவரிடம் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வியும் இருக்கிறது. பிரித்த இரண்டு பையும் வெளியே போய் ஒரே வண்டியில்தான் விழுகின்றனவா? அப்படியென்றால் தொட்டியின் வடிவத்தைப் பற்றிப் பேசுவதே வெட்டி. ஒரு தடவை அதைக் கண்ணால் பார்த்த பொதுஜனம் அப்புறம் எந்தத் தொட்டியையும் நம்பாது. தொட்டிக்கு டெண்டர் விடும் முன் பின்வாசலில் தனித்தனி வண்டி வந்துவிட வேண்டும், தனித்தனியாக எடை போட்டு எழுதி வைக்க வேண்டும்.

ஆக, யார் வரைவது? உலகம் முழுக்கத் தொட்டிகளில் இருக்கும் மூன்று அம்பு சுழலும் அந்த மறுசுழற்சிச் சின்னத்தை வரைந்தவர் கேரி ஆண்டர்சன். 1970-ல் அவருக்கு 23 வயது, கலிஃபோர்னியாவில் கட்டடக்கலை மாணவர். அட்டைப்பெட்டி செய்யும் ஒரு கம்பெனி வைத்த போட்டியில் ஜெயித்த படம் அது. சென்னையில் கட்டடக்கலை படிக்கிறவர்களுக்குப் பஞ்சமா? ரிப்பன் மாளிகைக்குத் தொட்டி என்று மாநகராட்சி ஒரு போட்டி அறிவிக்கட்டும். நடுவர்களில் ஒரு பாரம்பரியக் கட்டடப் பொறியாளரும் இரண்டு தூய்மைப் பணியாளர்களும் இருக்கட்டும். தேறுகிற மூன்று வடிவங்களை ஆளுக்கொரு தாழ்வாரத்தில் மூன்று மாதம் வைத்து, தினமும் எது எவ்வளவு சரியாக விழுந்தது என்று எடை போட்டு, அந்தக் கணக்கைக் கோபுரத்துக்குக் கீழே, உள்ளே வருகிற எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஒட்டட்டும். பென்குயின்கள் போட்டிக்கு வர வேண்டாம்.